கேள்விப் பெட்டியில் என் கையெழுத்து

நரகத்துக்கு முடிவு உண்டா என்று கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்ட பிள்ளை நான்தான் என்று எங்கள் சபையில் இன்னமும் இரண்டு மூன்று பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு ஆன்ட்டி என் கணவரிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். ஒன்பது வயதில் அப்படியொரு கேள்வி கேட்டவள் என்ற பெருமையை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. வருகிற பெருமையை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அது என் கேள்வி இல்லை. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் தாண்டி எங்கள் வீடு இருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த பள்ளிக்கூட வாத்தியார். நாலு தலைமுறைக் கிறிஸ்தவர். சபையில் ஞாயிறு பள்ளியை நடத்துகிறவரும் அவர்தான். அம்மா இந்த ஊர்க்காரி. ஏரிக்கரையோரம் நெல்லும் கீரையும் போட்ட குடும்பம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு அம்மாவின் அப்பா வரவில்லை. நான் பிறந்த பிறகுதான் வந்தாராம். வந்தவர் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டதில்லை. நாங்கள் ஆராதனை முடிந்து வரும்போது எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பார்.

“இன்னாம்மா, உங்க சாமி இன்னிக்கு சீக்கிரமே வுட்டுட்டாரா?” என்பார் என்னிடம். நான் பதில் சொல்வதற்குள் கீரைக்கட்டு என் கைக்கு வந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கிணறு அவர் இடம் பார்த்துச் சொன்னது. தேங்காய் உடைத்துத்தான் தோண்ட ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், அப்பா பேப்பர் வாங்கி வருகிறேன் என்று ஸ்டேஷன் வரைக்கும் நடந்தாராம். பக்கத்திலேயே பெட்டிக்கடையில் பேப்பர் கிடைக்கும். அவர் திரும்பி வரும்போது தோண்ட ஆரம்பித்திருந்தார்கள்; தேங்காயும் இல்லை, கற்பூரமும் இல்லை. எங்கள் தெருவில் மற்ற கிணறுகளெல்லாம் உப்பு. எங்கள் கிணற்றில் மட்டும் பருப்பு வேகிற தண்ணீர். சபைக்காரர்கள் நாலைந்து வீட்டார் குடத்தோடு வருவார்கள்.

அந்த வருஷம் பரீட்சைக்கு முன்னால் தாத்தா இறந்துபோனார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். அம்மாவோடு அப்பாவும் போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் போட்டிருந்த பெஞ்சில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மா கிளம்பியபோதுதான் அவர் வேண்டாம் என்றார். படைத்ததைச் சாப்பிடக் கூடாது, போய்விட்டுச் சாப்பிடாமல் வந்தால் அவர்களுக்கு அவமானம், அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று வாத்தியாருக்கே உரிய வரிசையில் எடுத்துச் சொன்னார். சத்தம் போடவில்லை. அம்மா கட்டியிருந்த புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வந்து தோசைக்கு ஊறப்போட்டாள்.

அன்றிலிருந்து ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு அம்மா வந்து உட்காருவதை நிறுத்திவிட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்பாள். தினமும் அந்த நேரத்துக்கு அடுப்பில் பால் இருந்தது.  நானும் அப்பாவும் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஆமென் சொல்லி முடிப்போம். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். அம்மா இல்லாததால் பாட்டில் மேல் ஸ்தாயி முழுக்க என் தலையில் விழுந்தது.

மே மாதத்தில் சபையின் கன்வென்ஷன் கூட்டங்கள் மூன்று நாள் நடக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் டியூப் லைட் கட்டி, கோரைப்பாய் விரித்து, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருவார். பந்தல் காலில் கலர் பேப்பர் ஒட்டிய பிஸ்கட் டின் ஒன்று தொங்கும். அதுதான் கேள்விப் பெட்டி. வேதத்தில் சந்தேகம் உள்ளவர்கள் பேர் போடாமல் சீட்டில் எழுதி அதில் போடலாம். கடைசி நாள் அப்பா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிக்க, பிரசங்கியார் பதில் சொல்வார். பேர் போடாவிட்டாலும் சபையில் பாதிப் பேரின் கையெழுத்து அப்பாவுக்குத் தெரியும். அத்தனை பேரும் ஞாயிறு பள்ளியில் அவரிடம் பரீட்சை எழுதினவர்கள்தானே.

இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா மைக் செட்காரரைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

“நான் சொல்றத எழுது. என் கையெழுத்து உங்கப்பாவுக்குத் தெரியும். கோணல்மாணலா எழுது, உன் கையெழுத்தும் தெரியக் கூடாது.”

“என்னம்மா எழுதணும்?”

அம்மா ஜன்னல் கதவைச் சாத்தினாள். பிறகு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்துபோன ஒருவர் நரகத்தில் எவ்வளவு காலம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு முடிவு உண்டா.

எழுதினேன். கோணலாக எழுதத்தான் பார்த்தேன். ஆனால் அந்த வருஷம் கையெழுத்துப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. முதல் பரிசு வாங்கினவள் கோணலாக எழுதுவதாவது. ஒவ்வொரு எழுத்தின் வாலையும் அழகாகச் சுழித்துவிட்டேன். அம்மா உள்ளே போன நேரத்தில், கேள்வி மொட்டையாக நிற்கிறதே என்று, ‘வசன ஆதாரத்துடன் விளக்குக’ என்று கடைசியில் நானே ஒரு வரி சேர்த்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் போய்ப் பெட்டியில் போட்டேன்.

பிரசங்கியாருக்கு எங்கள் வீட்டில்தான் ஜாகை. பருத்த, நல்ல சுபாவமுள்ள மனிதர். எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவர் மெச்சாத வேளை கிடையாது. சொம்பு சொம்பாகக் குடிப்பார், வாளி வாளியாகக் குளிப்பார். தொண்டை கட்டாமல் இருப்பதற்காக அம்மா தினமும் அந்தத் தண்ணீரில் சீரகம் போட்டுக் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி மேடைக்கு அனுப்பினாள்.

கடைசி நாள் பெட்டி திறந்தது. முதலில் வழக்கமான கேள்விகள். காயீனுக்குப் பெண் எங்கிருந்து கிடைத்தாள், சினிமா பார்க்கலாமா, பூ வைக்கலாமா. நான்காவதாக அப்பா ஒரு சீட்டைப் பிரித்தார். உடனே வாசிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பெண்கள் பக்கம் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா முழுவதையும் வாசித்தார். வசன ஆதாரத்துடன் விளக்குக என்பதையும் விடவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

பிரசங்கியார் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார். நித்திய ஆக்கினை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், நித்திய ஜீவன் என்பதையும் அதே வசனத்தில்தான் சொல்கிறார், ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டு, பரலோகம் பாதியில் முடிந்தால் சம்மதமா என்று கேட்டார். யாருக்கும் சம்மதமில்லை. அவியாத அக்கினி, சாகாத புழு எல்லாம் வந்தன. பிறகு ஒரு கணக்குச் சொன்னார். தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகிற மின்சார ரயில் ஓடி ஓடித் தண்டவாளம் தேய்ந்து, புதுத் தண்டவாளம் போட்டு, அதுவும் தேய்ந்து, இப்படி ஆயிரம் தண்டவாளம் தேய்ந்தாலும் நரகத்தில் முதல் நாள் விடிந்திருக்காது. எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. கூட்டமும் ஆமென் என்றது. அம்மாவின் முதுகு மட்டும் அசையவில்லை. முடிக்கிற பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் எழவில்லை. கால் மரத்துவிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது.

“நீதான எழுதின?”

சத்தியம் கேள்வியைப் பற்றித்தான், கையெழுத்தைப் பற்றி இல்லை என்று நானே தீர்மானித்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.

“எதுக்குப் பிள்ள பயப்படுத?”

 ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தவக்காலத்தில் சவ்வு மிட்டாய் தின்றுவிட்டேன் என்றேன். பிரசங்கியார் ஊருக்குக் கிளம்புமுன் என் தலையில் கை வைத்து அந்தச் சவ்வு மிட்டாய்க்காக நீளமாக ஜெபம் பண்ணினார். செய்தி வாசலைத் தாண்டியது. குடத்தோடு வந்தவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, பாப்பாவுக்கு எவ்வளவு யோசனை பார் என்றார்கள். அம்மா கிணற்றுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமெல்லாம் அவள் முகம் வீங்கியிருந்தது. கேள்வி என்னுடையதில்லை என்று என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அம்மா கஷ்டப்படுகிறாள் என்று நினைத்து அவள்மேல் எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

அப்பா அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்து லைப்ரரியிலிருந்தும் போதகர் வீட்டிலிருந்தும் தடித்த புத்தகங்களாகக் கொண்டுவந்தார். பென்சிலால் குறிப்பெடுத்தார். அடுத்த திங்கட்கிழமை ஜெபத்தில் பாட்டே பாடவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா என்னை எதிரில் உட்காரவைத்து, உன் கேள்விக்குப் பிரசங்கியார் பாதிப் பதில்தான் சொன்னார், மீதியை நான் சொல்லட்டுமா என்று ஆரம்பித்தார்.

பிரசங்கியார் காட்டிய வசனம் இருக்கத்தான் செய்கிறது, அதை அழிக்க முடியாது என்றார். ஆனால் ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்றும் அதே ஆண்டவர்தான் சொல்லியிருக்கிறார். அழிந்துபோனது எப்படி எரிந்துகொண்டே இருக்கும்? சோதோம் பட்டணத்தையும் நித்திய அக்கினி எரித்ததாக எழுதியிருக்கிறது. அங்கே இன்றைக்கு நெருப்பு எரிகிறதா? இல்லை, உப்பும் மண்ணும்தான். வேதத்தின் கடைசிப் புத்தகம் அதை இரண்டாம் மரணம் என்கிறது. மரணம் என்றால் முடிவுதானே? என்றென்றைக்கும் வாதிக்கப்படுவார்கள் என்று அதே புத்தகத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன் என்றார். வேதத்தின் கட்டளைகளான நியாயப்பிரமாணம் தெரியாதவர்களின் இருதயத்திலேயே கடவுள் தம் பிரமாணத்தை எழுதியிருக்கிறார், அவர்களுக்கு அவர்கள் மனசாட்சியே சாட்சி என்று பவுல் சொன்னதைச் சொன்னார்.

எனக்குக் கொட்டாவி வந்தது. அதைவிட, காது வலித்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறேன், அவரோ கடைசி பெஞ்சுப் பையனுக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் இங்கதான இருக்கேன். மெதுவாச் சொல்லுங்களேன்.”

“ஆமா பிள்ள, இங்கதான் இருக்க” என்றார். சத்தத்தைக் குறைக்கவில்லை. “வேதம் ரெண்டு விதமாவும் பேசுது. எது முடிவுன்னு எனக்குத் தெரியல. தெரியாததத் தெரியும்னு அந்தப் பிரசங்கியார் சொல்லிட்டாரு. நானும் இத்தன வருஷம் சொல்லிக்கிட்டு இருந்துட்டேன். தீர்ப்புச் சொல்ற எடத்துல நான் உக்காந்திருக்கக் கூடாது. அந்தக் காரியத்துக்கு வேண்டாம்னு சொன்னது தப்பு. போயிருக்கணும். கூட நானும் வந்திருக்கணும்.”

எந்தக் காரியம் என்று எனக்கு விளங்கவில்லை. சவ்வு மிட்டாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் தெரியவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தது. அப்பாவும் எழுந்து பார்க்கவில்லை, அம்மாவும் இறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பிரித்தாள். மேல் ஸ்தாயியை இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் ஒரு சீட்டு எழுதினதற்கு அப்பா இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே, என்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.