மாமனார் திரும்பாத படம்

"கேமராவத் தொடறதுக்கு முன்னால கையக் கழுவச் சொல்லுதாம் அந்தப் புள்ள. என்னமோ ஆபரேசனுக்குப் போற மாதிரி!"

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கை அக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது. அந்தப் புள்ள நான்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலையூர்களில் வீடியோ எடுக்கச் சொல்லித்தருபவர்களுக்கு முதலில் வேண்டியது கேமரா இல்லை, காது கேளாதது போல உட்கார்ந்திருக்கும் பழக்கம். இதே வேலையில் இருப்பவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

பனி

கை கழுவச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பலா சீசனில் வகுப்பை ஆரம்பித்துவிட்டோம். பெண்கள் பழம் அரிந்த கையோடு வருவார்கள். விரலில் பிசின், பிசின் போக எண்ணெய், அந்த எண்ணெய் நேராக லென்ஸில். வகுப்புக்கு வந்தவர்களில் கலாமணி எடுத்துவந்த முதல் படத்தில் தோட்டம், ஆடு, வீடு எல்லாம் வெள்ளையாக மங்கிக் கிடந்தன. எடுக்கும்போதே தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதுங்க. பனி எறங்குதுன்னு நெனச்சு, போகட்டும்னு நின்னுட்டிருந்தேன்."

முதுகு

அதே கலாமணிதான் இரண்டே வாரத்தில் வகுப்பிலேயே கை நடுங்காமல் எடுப்பவளானாள். அவள் மாமனார் பலா இறக்குவதைப் படமாக்கினாள். மரமேறுகிறார், காயைச் சுண்டிக் காது வைத்துக் கேட்கிறார், கயிறு கட்டி இறக்குகிறார். எல்லாம் இருந்தது, அவர் முகம் மட்டும் இல்லை. முதுகு, குதிகால், தலைத்துண்டு. மரத்துக்கு அந்தப் பக்கம் போய் எடுக்கலாமே என்றேன்.

"மாமா மூஞ்சிக்கு நேரா நின்னு ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. கேமராவப் புடிச்சுட்டா நான் மருமக இல்லாமப் போயிருவனா?"

சிக்னல் கிடைக்கும் வளைவு

போன் பேச ரோட்டு வளைவுக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முழுப்படமாவது வராவிட்டால் வகுப்பைச் சேலத்துக்கு மாற்றிவிடுவதாக வகுப்பை நடத்தும் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். மாட்டையும் பிள்ளையையும் விட்டு இந்தப் பெண்கள் சேலம் போய்வர முடியாது. கலாமணியின் படத்தை ஆபீஸ் சாருக்கு அனுப்பிவிட்டு, அங்குமிங்கும் நடந்துகொண்டே பதிலுக்குக் காத்திருந்தேன். போகிற லாரிக்காரர்களெல்லாம் வண்டியை மெதுவாக்கி என்னைப் பார்த்தார்கள். கடைசியில் சார் கூப்பிட்டார்.

"பலாப்பழத்துக்கெல்லாம் குளோசப் இருக்கும்மா, மனுசனுக்கு இல்லையே. மூஞ்சி வரலேன்னா கேமராவ எல்லாம் பஸ்ஸுல ஏத்திருங்க."

நானே போனது

பதற்றத்தில் கலாமணியின் மாமனாரை நானே எடுத்துவிடலாம் என்று போனேன். கேமராவைத் தூக்கியதும் பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு, ரேசன் கார்டு போட்டோவுக்கு நிற்பவர் போலக் கையை விறைத்துக்கொண்டு நின்றார். நான் கேமராவை இறக்கிவிட்டேன். அவரும் கூச்சம், நானும் கூச்சம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து கலாமணி சிரித்தாள்.

"நீங்க எடுத்தா அது உங்க படமுங்க. அதுக்கு எங்களுக்கு எதுக்கு வகுப்பு?"

வியாழன்

மறுநாள் காலை கேமராக்களை வாங்கிக்கொள்ளப் பையோடு போனேன். கலாமணி மரத்தடியில் ஸ்டாண்டைப் போட்டு, மறுபடியும் மாமனாரின் முதுகைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தில் முகம் வராததால் நாளையோடு வகுப்பு முடிகிறது என்றேன்; மரத்தின் மேலிருந்தவருக்கும் கேட்டிருக்கும். அவள் கேமராவை நிறுத்தினாள், ஸ்டாண்டை விடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மரத்திலிருந்து பெரியவர் இறங்கினார். எங்களைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக் கேட்டார்: "எந்தப் பொத்தான அமுக்கோணும்?"

"செவப்புங்க மாமா," என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"நீ ஊட்டுக்குப் பின்னால போ சாமி."

அவள் போனாள். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, லென்ஸுக்கு நேராக வந்து உட்கார்ந்து, மடியில் பழத்தை வைத்துச் சுண்டிக் காட்ட ஆரம்பித்தார்.