பெயர் எழுதாத கேசட்

எண்பதுகளில் மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் கேசட் கடை வைத்திருந்தவர் ஒல்லியான ஆள். எந்தப் பாட்டையும் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

பக்கத்துச் சிடாம் கிரித் தோட்டத்தில் நாங்கள் நாலு தோழிகள் ஞாயிறு மதியம் ஒரு பேய் விளையாட்டு ஆடுவோம். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாகிப் பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். அதற்குப் பயமுறுத்தும் இசை வேண்டுமென்று அவரிடம் கேட்டேன். மூன்று கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் சிரிப்புதான் வரும்லா, தங்கச்சி."

பிறகு பெயர் எழுதாத ஒன்றைப் போட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு பெண் மெல்லப் பாடினாள்.

"யாருண்ணே?"

"என் சம்சாரம். செத்து ரெண்டு வருசமாச்சு. கொண்டுபோங்க. நடுவுல நிப்பாட்டாதீங்க."

அது யாரென்று தோழிகளிடம் நான் சொல்லவில்லை. விளையாட்டின் நடுவே கேசட்டில் அவள் பாட்டு நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் பகடையைத் தொடவில்லை.

மறுவாரம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பயந்தீங்களா?"

"எல்லாருமே பயந்துட்டோம்ணே."

"எனக்கு மட்டுந்தான் அப்படின்னு நெனச்சேன்," என்றார்.

அவர் குரலில் வருத்தமும் இல்லை, ஆறுதலும் இல்லை. அந்தக் கேசட்டை ஏன் என்னிடம் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.