செய்தி வந்து சேர்ந்த நாள்

என் வேலையை என் அத்தைக்கு விளக்கப் போய்ப் பலமுறை தோற்றிருக்கிறேன். எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள் இடிந்து விழுந்து கருந்துளை ஆகிறது. அந்த நேரத்தில் சில விநாடிகள் காமா கதிர்கள் பீறிட்டு அடங்கும். காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடும் என்பதால் மேலே சுற்றும் செயற்கைக்கோள்தான் அதைப் பார்க்கும். பார்த்ததும் என் போன் அடிக்கும். வந்தது நிஜமா, சூரியனின் சேட்டையா, கருவியின் கோளாறா என்று மேனாம்பேடு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டும்.

"அப்ப நீ சாவு சேதி கேட்டுச் சொல்றவ" என்றாள் அத்தை. தப்பாகச் சொல்லிவிடவில்லை.

அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வடக்கே வேலைக்குப் போனவன். முதலில் போன் பேசுவதைக் குறைத்தான், பிறகு நம்பரையே மாற்றிவிட்டான். அப்பா இறந்தபோது அவனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. அவன் பேச்சை நாங்கள் எடுப்பதே கிடையாது. அம்மா மட்டும், சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டு, "பெரியவன் நெனைச்சிகினு கீறான்" என்பாள்.

போன சித்திரையில் ஒரு மதியம், எங்கள் ஊர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். வடக்கே அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவராம்.

"மூணு வருசம் ஆவுதும்மா. காய்ச்சல்னு படுத்தாரு, எழுந்துக்கல. ஊட்டு நம்பர் யாராண்டயும் குடுக்கல. நாங்களேதான் எடுத்துப் போட்டோம். மேனாம்பேடு, மேனாம்பேடுன்னு சொல்லிகினே இருப்பாரு. இங்க வேலை கெடைச்சதும் விசாரிச்சிகினு வந்தேன்."

சேதி தெரிந்து சேக்காட்டிலிருந்து அத்தை ஆட்டோ பிடித்து வந்தாள். "எத்தினி வருசம் கழிச்சிக் கேட்டாலும் கேட்ட அன்னிக்கித் தல முழுவணும், அண்ணி. எழுந்திரு."

அம்மா அசையவில்லை. "தண்ணி ஊத்திகினா அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றாள். பிறகு கேட்டாள்: "மூணு வருசமா எனக்குப் பொரை ஏறிகினே கீதே. அப்ப யாரு நெனைச்சது?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

நாங்கள் பார்க்கும் வெளிச்சம் கிளம்பியபோது பல சமயம் பூமியே உண்டாகியிருக்காது. அந்த நட்சத்திரம் இருந்த காலமெல்லாம் எந்தத் தொலைநோக்கியிலும் தென்பட்டதில்லை. செத்ததால்தான் அது இருந்ததே நமக்குத் தெரிகிறது. அண்ணனும் அப்படி ஆகிவிட்டான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதான் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் கண்டுபுடிச்சிச் சொல்றியே. உன் போன் அடிக்கிறதுல எத்தினியோ பொய்யின்னும் சொல்லுவ. இது நெசமா? நீ சொல்லு, குளிக்கிறேன்."

எங்கள் வேலையில் ஒரு செயற்கைக்கோள் சொன்னால் போதாது, இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர விசாரிப்பதே மெய். வந்தவரிடம் அதே அறையில் இருந்த இன்னொருவரின் நம்பரை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். அவரும் அதையேதான் சொன்னார். கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: அண்ணன் இடது கையால் சாப்பிடுவதை எல்லோரும் கேலி செய்வார்களாம், அவனும் சேர்ந்து சிரிப்பானாம். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கீழே வந்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத நட்சத்திரங்களுக்கு எத்தனையோ முறை யோசிக்காமல் டைப் அடித்த 'நிஜம்' என்ற ஒரு வார்த்தை, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உடுத்தியிருந்த சுடிதாரோடு ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

மறுபடி மொள்ளும்போது கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

"எனக்கும் கொஞ்சம் தண்ணி வெச்சிருடி."