ஜன்னல் கம்பியில் இரண்டு சரம்

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை பஸ்ஸின் முன் ஜன்னல் கம்பியில் இரண்டு சரம் மல்லிகை தொங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தேன். கையில் ஓர் அறிவியல் இதழ். குவாண்டம் கணினி என்று ஒன்று உருவானால், உலகம் இன்று நம்பியிருக்கும் ரகசியப் பூட்டுகளில் பலவற்றை அது உடைத்துவிடும் என்றது கட்டுரை. தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தேன், அந்தச் சரங்களைப் பார்க்கும்வரை. அவையும் ஒரு ரகசியப் பூட்டுதான்.

என் சித்திக்கு அந்தத் தொழிற்சாலையில் சிப் செய்யும் பிரிவில் வேலை. தூசி ஆகாத இடம், பூவோடு உள்ளே போக முடியாது. பெண்களெல்லாம் இறங்குமுன் பூவை எடுத்து அவரவர் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் வந்து சூடிக்கொள்வார்கள். தொழிற்சங்கம் பற்றி வாய் திறந்தவர்களை நிர்வாகம் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் சித்தி ஒரு வழி கண்டுபிடித்தார். தான் உட்காரும் முன் ஜன்னலில் ஒரு சரம் என்றால் ஒன்றுமில்லை. இரண்டு தொங்கினால் மாலையில் கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம்.

அன்று சித்தியிடம் கட்டுரையை மூச்சுவிடாமல் விளக்கினேன். சித்தி சிரித்தார்.

"எல்லாப் பூட்டையும் திறக்குமா? நல்ல மிஷின்லா! யாரு வாங்குவா, நாங்களா? எங்க மேனேஜருதான் வாங்குவான்."

"அதுக்கெல்லாம் இன்னும் ரொம்ப வருஷம் ஆகும் சித்தி."

"ஆகட்டும்டி. அதுக்குள்ள அது யாருக்குன்னு யாராச்சும் வாயத் தொறந்து கேளுங்க."

விடுமுறை முடியுமுன்பே சூப்பர்வைசர் ஒருவர் சரங்களின் கணக்கைப் பிடித்துவிட்டார். சித்திக்கு வேலை போனது. அதற்குக் குவாண்டம் எதுவும் தேவைப்படவில்லை, விடாமல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்கள் போதும். சித்தி அழவில்லை. மறுநாள் தலைநிறையப் பூவோடு அதே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், ஏறியவர்களைக் கூட்டத்துக்கு உரக்கவே அழைத்தார்.

இப்போது எனக்கு இறுதியாண்டு. ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பகுதியில், இந்தக் கணினி யார் கையில் இருக்கும், முதலில் யாருடைய ரகசியம் உடையும் என்று கேட்டிருந்தேன். வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் புதுப் பூட்டு செய்து தர ஆள் இருக்கிறது. பஸ்ஸில் போகும் பெண்களுக்கு யார் செய்து தருவார்கள்? விரிவுரையாளர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். "இது இயற்பியல் இல்லைம்மா, அரசியல். இந்தப் பகுதிய எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்." அவர் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை.

அந்த பஸ் இன்றும் ஓடுகிறது. ஏர்கான் வந்துவிட்டதால் ஜன்னல் திறப்பதில்லை, கம்பியும் இல்லை.

விரிவுரையாளர் சொன்ன அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன், கடைசியிலிருந்து. இப்போது அது முதல் பக்கத்தில் இருக்கிறது. நாளைக் காலை அவர் மேசையில் வைக்கப்போகிறேன், தலையில் இரண்டு சரத்தோடு.