வெள்ளிமலையில் சோதித்தாயிற்று

மணலூர்பேட்டையில் என் வீட்டு மாடியறைதான் எனக்கு ஆபீஸ். சென்னையில் இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர், ஒரு சாஃப்ட்வேர் வழியாக என் லேப்டாப் திரையில் திறக்கும். ஆஸ்பத்திரி அறிக்கைகளை அதில் தட்டச்சு செய்து தருவோம். எங்கள் குழுவில் கல்வராயன் மலையிலிருந்து ஒரே ஒரு பெண். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வீட்டை ஒட்டிய மேட்டில் பலாமரக் கிளையில் போனைப் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து வரும் இணைப்பில் உள்ளே உட்கார்ந்து வேலை செய்வாள்.

சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்தது. எல்லோருக்கும் மாற்றுமுன் சிக்னல் குறைவான இடத்தில் சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. ஒருநாள் வெள்ளிமலைக்குப் போய் வரவேண்டும், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். மலைப் பஸ்ஸில் நிற்க இடமில்லை. வளைவு ஏறினாலே எனக்குக் குமட்டும். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். சிக்னல் முழுசாக இருந்தது, புது வெர்ஷன் ஜோராக ஓடியது. இரண்டு வடை தின்றுவிட்டு, ‘வெள்ளிமலையில் சோதித்தாயிற்று, குறை ஒன்றுமில்லை’ என்று மெயில் அனுப்பினேன். கொஞ்சமும் கை கூசவில்லை.

அதை நம்பி எல்லோருக்கும் மாற்றிவிட்டார்கள். பழைய வெர்ஷனில் இணைப்பு அறுந்தால் திரை அப்படியே காத்திருக்கும். புதியது வெளியே தள்ளிவிட்டு, மறுபடி நுழைய போனுக்கு ஓர் எண் அனுப்பும். போன் மரத்தில் அல்லவா தொங்குகிறது! அவள் மேடேறி ஓடி, எண்ணைப் பார்த்துத் திரும்பி வருவதற்குள் அது செல்லாமல் போய்விடும். ஒரு நாளைக்கு இருபது முறை ஓடியிருக்கிறாள்.

அந்த வாரக் கூட்டத்தில் மேலாளர் என்னைக் கேட்டார்: “அவங்க வேலை பாதிதான் முடியுது. மலையில நீங்க பார்த்தப்போ நல்லா இருந்துச்சா?”

“நல்லாதான் சார் இருந்துச்சு. அவங்களுக்குப் பழக்கம் இல்லாம இருக்கும்.”

அவளும் அந்த அழைப்பில் இருந்தாள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் வேறு ஆள் எடுக்கலாம் என்றார் மேலாளர்.

அன்று மாலை அவளே போன் செய்தாள்.

“அண்ணா, எனக்குத்தான் சரியா தெர்லண்ணா. நீங்க மலைக்கு வந்து பாத்தப்போ எந்த எடத்துல ஒக்காந்துகினு பாத்தீங்க? சொன்னீங்கன்னா நானும் அங்கயே போய் ஒக்காந்துக்கறேன்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “பஸ் நிக்கிற எடத்துலம்மா” என்றேன்.

மறுநாள் காலையிலேயே ஜீப் ஏறி வெள்ளிமலைக்குப் போய்விட்டாள். தூறலில், மடியில் லேப்டாப்போடு, பஸ் நிற்குமிடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேயும் சிக்னல் வருவதும் போவதுமாக, ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளியிருக்கிறது. மத்தியானத்துக்குள் மூன்று முறை போன்.

“கடைப் பக்கமாண்ணா, மரத்துப் பக்கமா? மாறி மாறி ஒக்காந்து பாத்துட்டேன். இன்னா பண்றதுன்னே தெர்ல.”

என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. “வூட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டு, மேலாளருக்கு நடந்ததை எழுதினேன். அவள் இல்லாத ஓர் அழைப்பில், மற்ற எல்லோர் முன்னிலையிலும் கிழி கிழியென்று கிழித்தார். அது எனக்குப் பத்தாது. அவளுக்கு மட்டும் பழைய வெர்ஷனைத் திருப்பித் தந்தார்கள், வேலை தப்பியது.

அவளிடமும் சொல்ல வேண்டுமே. போனில் சொன்னேன்.

“நான் மலைக்கே வர்லம்மா. கள்ளக்குறிச்சியோட திரும்பிட்டேன்.”

“அப்போ அந்த பஸ் நிக்கிற எடம்?”

“சும்மா சொன்னேன்.”

“சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

இப்போதும் ஒரே குழுவில்தான் இருக்கிறோம். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னை அவள் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. சார் என்கிறாள்.