பக்கிக்காக வளைந்த ஓட்டப்பாதை

கிளியனூரில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியை அமலா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார் தலைமையாசிரியை. அமலா ஓரிடத்தில் அசையாமல் இருப்பதை அவரோடு வேலை பார்த்த எங்களில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியுமா?

எனக்கு அந்த விளையாட்டு விழாதான் ஞாபகம் வந்தது. உப்பளத்தை ஒட்டிய மைதானத்துப் புதரில் ஆந்தை கத்துகிறது, யாருக்கோ கெட்ட காலம் என்று பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் பள்ளியிலேயே வேகமாக ஓடும் கவிதாவை இனி மைதானத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றார் அவள் அப்பா, உப்பளத் தொழிலாளி ராஜேந்திரன். புதரைக் கொளுத்த மண்ணெண்ணெயோடும் வந்துவிட்டார்.

அமலா அவரையும் என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். புதரடியில் காய்ந்த சருகுதான் தெரிந்தது. அந்தச் சருகு பாதிக் கண்ணைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஆந்தை இல்லண்ணா, பக்கி. ராத்திரில பூச்சி புடிச்சித் தின்னும், அவ்ளோதான். முட்டை மேல உக்காந்திருக்குது பாருங்க.”

“இவ்ளோ கிட்ட வந்தும் பறக்க மாட்டேங்குதே டீச்சர்?”

“முட்டையை வுட்டுட்டு எங்கண்ணா போவும்?”

ராஜேந்திரன் வெகுநேரம் குந்திப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஓட்டப்பாதை அந்தப் புதரை உரசிக்கொண்டு போனது. விழாவைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். அமலா சுண்ணாம்புக் கோட்டை அழித்து, பறவையைச் சுற்றி வளைத்துப் போட்டார். “எல்லாருக்கும் அதே தூரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டார். விசில் ஊதவில்லை, கைக்குட்டையை வீசித்தான் பந்தயத்தைத் தொடங்கினார். கைதட்டக் கூடாது என்று பெற்றோர்களிடம் சொல்லியிருந்தார். மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, மாணவிகளின் காலடி மட்டும் கேட்டது. வளைவில் கூட்டம் நெருங்காதபடி இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றவர் ராஜேந்திரன். கவிதா முதலாவதாக ஓடிவந்தாள். பக்கி அசையவே இல்லை. அமலா சத்தமில்லாமல் குதித்துக் குதித்து, என் தோளைப் பிடித்து உலுக்கினார். அடுத்த வாரம் குஞ்சு பொரித்ததும் பள்ளி முழுவதையும் வரிசை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டினார்.

எதைப் பார்த்தாலும் உடனே இன்னொருவருக்குக் காட்டியாக வேண்டும் அவருக்கு. அந்த அவசரத்தைத்தான் அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது உப்பளத்தில் பூநாரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், “அங்க பாருங்க, சீக்கிரம்!” என்றேன். பேருந்தே ஜன்னல் பக்கம் சாய்ந்தது.