கோமதியின் பாதம் வரைந்த குளிர்காலம்

தயிர்ப் பாத்திரத்தை எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள் கைவிட்டவள், ஷாக் அடித்ததுபோல் கையை உதறினாள். சமையலறைத் தரையெல்லாம் தயிர். "ஆயிரம் ஊசி குத்துதுங்க" என்றாள் என் மனைவி கோமதி. முதல் கீமோ ஏற்றிய மறுநாள் அது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் குளிர் என்பது ஒரு எதிராளியாகக் குடிவந்தது.

நான் மருத்துவம் படித்தவனல்ல. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து, கலிபோர்னியாவின் மில்பிடாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான். யார் என்ன சொன்னாலும் அதை மனதில் முடிந்துவைத்துக்கொள்வது என் பழக்கம். அப்படி முடிந்துவைத்த ஒரு பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டு என் மனைவியின் காலை நானே சுட்டுவிட்டேன். வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிற யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு தவறையாவது செய்யாமல் இருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அவளுக்கு வந்தது களைப்பு. மாடிப்படி பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். ரத்தசோகை என்றார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏறவில்லை. பிறகு கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்தபோது கட்டி தெரிந்தது. மூன்றாம் நிலைப் புற்றுநோய். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் கீமோ.

அந்த மருந்துகளில் ஒன்றுக்குக் குளிர் ஆகாது. ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஊசி குத்தும். பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். கடையில் பால் எடுக்கக் கையுறை போட்டுக்கொண்டு போவாள். "திருட வந்தவ மாதிரி எல்லாரும் பாக்கறாங்க" என்று சிரிப்பாள். போகப் போக, குத்தல் குறைந்து, கைவிரல்களிலும் பாதங்களிலும் மரமரப்பு தங்கிவிட்டது. நியூரோபதி (நரம்பு முனைகள் பழுதாகி உணர்வு மங்குவது) என்றார் டாக்டரம்மா. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு தடித்த பென்சிலைக் கொடுத்து, எதையாவது வரையச் சொன்னார். பள்ளிக்கூடத்தோடு ஓவியத்தை விட்ட கோமதி, ஊசி ஏறும் நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிரே தொங்கும் மருந்துப் பைகளை வரைய ஆரம்பித்தாள்.

"பென்சில் கையில இருக்கறதே தெரியறதில்லீங்க. கண்ணாலதான் புடிச்சிருக்கேன்" என்பாள்.

கீமோ முடிந்து எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஒரு மாதம் கழித்து, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, ஆறு மாசமாக் குளிரைக் கண்டு ஒளிஞ்சுட்டுக் கெடந்தேன். ஒருக்கா அதோட வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?"

எங்களிடம் ஒரு பழைய கேம்பர் வேன் இருந்தது. வெறும் சரக்கு வண்டியாக வாங்கி, சுவருக்குக் கம்பளி வைத்து, பலகை அடித்து, கட்டில், அடுப்பு, டீசல் ஹீட்டர் எல்லாம் நானே பொருத்தியது. அதிலேயே தங்கி, மெதுவாக மலை நடந்து, அவள் வரைந்துகொண்டே ஒரு மாதம் இருப்பது என்று திட்டம்.

டாக்டரம்மா தடுக்கவில்லை. மரத்துப்போன கால்களைத் தினமும் காலை மாலை பார்க்கச் சொன்னார். மருந்து நின்ற பிறகும் சில மாதங்கள் மரமரப்பு கூடக்கூடும் என்றார். "குளிரும் கவனம், சூடும் கவனம்" என்றார். குளிர் என்பதைத்தான் நான் முடிந்துவைத்தேன். சூடு என்று அவர் சொன்னதை வெந்நீரில் குளிப்பதைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன். நம்முடைய கணக்கே அப்படித்தானே. குளிர்ச்சி ஆகாத உடம்புக்குச் சூடு ஆகும் என்று யாரும் சொல்லாமலே நாம் எழுதிக்கொள்கிறோம்.

ஜனவரியில் கிளம்பினோம். குளிர்காலத்தில் சியரா மலையின் கணவாய்ச் சாலைகளைப் பனிக்காக மூடிவிடுவார்கள். தெற்கே சுற்றிக்கொண்டுதான் மலையின் கிழக்குப் பக்கம் போகவேண்டும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வேன் கதவைத் திறந்தால், ஒரு சத்தமும் இல்லாத வெள்ளை. கோமதி வரைபடப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தாள். பிறகு, "இத்தனை வெள்ளைய எந்தப் பென்சில்ல வரையறது?" என்றாள். வரையாமல் விட்டால் அதுதான் பனி என்று இரண்டு நாளில் அவளே கண்டுபிடித்தாள். மரங்களையும் பாறைகளையும் மட்டும் வரைந்து, மிச்சத்தைத் தாளுக்கே விட்டுவிட்டாள்.

வேன் வாழ்க்கைக்குக் குளிரைவிட ஈரம்தான் தொல்லை. நாம் விடும் மூச்சே கண்ணாடியில் உறைந்து, காலையில் சுரண்டி எடுக்கவேண்டும். அடுப்பு எரியும்போது ஜன்னலை விரல் அளவு திறந்தே வைக்கவேண்டும். தண்ணீர்க் குழாய் உறையாமல் பார்க்கவேண்டும். இதெல்லாம் இயந்திர வேலை. எனக்குக் கைவந்தது. அந்தத் தைரியத்தில், மனித உடம்பும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

ஆறாம் நாள். ஒரு மைல் நடந்து உறைந்த ஓடை ஒன்றைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினோம். காலுறையைக் கழற்றித் தொட்டேன். இரண்டு பாதமும் ஐஸ் கட்டி. இடது பாதம் கொஞ்சம் வெளுத்தும் இருந்தது. எனக்கு பயம் வந்துவிட்டது. கல் உப்பை வாணலியில் வறுத்து, துண்டில் மூட்டை கட்டினேன். நம் ஊரில் சுளுக்குக்கும் வாயுவுக்கும் கொடுக்கிற அதே ஒத்தடம். என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பொறுக்கக்கூடிய சூடுதான். என் கையும் கன்னமும் இருபது வருடம் இயந்திரச் சூட்டில் பழகினவை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"சூடு போதுமா, அம்மிணி?"

"ஒண்ணும் தெரியலீங்க. இன்னுங் கொஞ்சம் வைங்க."

மறுபடி வறுத்தேன். மறுபடி கேட்டேன். "இன்னுங் கொஞ்சம்" என்றாள். கடைசியில் மூட்டையை இடது பாதத்தின் அடியிலேயே வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிவிட்டேன். பதில் சொல்ல வழியில்லாத காலிடம் நான் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் அப்படியே தூங்கிப்போனோம்.

காலையில் காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலுக்குக் கீழே, ஒரு எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. கோமதிக்கு வலியே இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"என்னங்க, யார் காலு அது?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மலையடியில் இருந்த சிற்றூரின் சின்ன மருத்துவமனையில், வயதான ஒரு செவிலியர் காயத்தைக் கழுவிக் கட்டினார். கூட இருந்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: வலிக்கிற காயம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும், வலிக்காத காயத்தை யாராவது காப்பாற்ற வேண்டும். சீழ் வைத்து எலும்பு வரை போனால் விரல்களை இழக்க நேரலாம். இரண்டு வாரம் அந்தக் காலை ஊன்றக்கூடாது. தினமும் கட்டு மாற்றி, சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்று நாளுக்கொரு முறை அவரிடம் காட்டவேண்டும்.

நடந்ததை நான் செவிலியரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் தோளைத் தட்டி, "இனிமேல் அவளைக் கேட்காதே. தெர்மாமீட்டரைக் கேள். அதற்கு உன்மேல் பாசம் கிடையாது, அதனால் பொய் சொல்லாது" என்றார். அதையும் முடிந்துகொண்டேன்.

மகள் தாரணி டெக்சாஸில், சுகர் லேண்டில் இருக்கிறாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். போனில், "அப்பா, வாட் வேர் யூ திங்கிங்?" என்றாள். உடனே வீட்டுக்குத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கோமதி போனை வாங்கினாள்.

"அங்க போனாலும் இதே காலைத்தான் நீட்டிட்டுக் கெடக்கோணும், கண்ணு. இங்க நீட்டினா ஜன்னல்ல மலை தெரியுது. டாக்டரும் பக்கத்துலயே இருக்காரு. காயம் பெருசானா அன்னிக்கே கெளம்பிர்றோம். போதுமா?"

"சென்ட் மீ எ பிக்சர் எவ்ரி டே" என்றாள் தாரணி.

வேனை அந்த ஊருக்குள்ளேயே, வேன்கள் தங்குவதற்கென்று மின்சார இணைப்பு கொடுத்திருந்த ஒரு முகாமில் நிறுத்தினோம். முதல் நாள் கட்டு மாற்றும்போது போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். கோமதி தன் வரைபடப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். கடைசிப் பக்கம் திறந்திருந்தது.

"இதுல என் காலை வரைங்க."

"எனக்கு எங்க வரையத் தெரியும்? அதான் போட்டோ எடுத்தாச்சே."

"போட்டோவ ஒரு நொடி பாப்பீங்க. வரையறதுன்னா பத்து நிமிசம் பாக்கோணும். பாருங்க."

கோபமாக இல்லை, ஆனால் அதற்குமேல் பேச இடமும் வைக்கவில்லை. ஊரில் செருப்பு வாங்கிவரச் சொல்கிறவர்கள் தாளில் கால் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஓவியம் அது ஒன்றுதான். கட்டுப்போட்ட காலை ஊன்றாமல் தாளின்மேல் வைக்கச் சொல்லி, சுற்றிக் கோடு இழுத்தேன். கட்டைப் பிரித்திருந்தபோது அடிப்பாதத்தில் பார்த்தபடியே, கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்த காயத்தைத் தாளிலும் இடப்பக்கமே வரைந்து முடித்தேன். கோமதி வாங்கிப் பார்த்தாள்.

"காயம் சுண்டுவிரலுக்குக் குடி மாறிப்போச்சுங்களா?"

அடிப்பாதத்தில் இடப்பக்கம் தெரிவது, மேலிருந்து போட்ட கோட்டுக்குள் வலப்பக்கம் வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தக் காயம் வந்தபிறகு முதன்முறையாக இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சாது உடுங்க" என்று என் தலையில் கைவைத்தாள். அந்தக் கைக்கு என் தலைமயிர் தெரிந்திருக்குமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காயத்தின் ஓரம் கொஞ்சம் கூடச் சிவந்திருந்தது. முந்தின நாள் பக்கத்தோடு வைத்துப் பார்த்ததில், சிவப்பைச் சுற்றி நான் போட்ட கோடு குதிகால் பக்கம் ஒரு விரல்நகம் அளவு இறங்கியிருந்தது. போட்டோவில் எனக்கு அது தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறுகிறது. கட்டுப் போட்டதும் வண்டியை எடுத்துவிட்டோம். டாக்டர் என் படத்தை வாங்கிப் பார்த்தார், காலைப் பார்த்தார். தொற்று ஆரம்பிக்கிறது என்று ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) எழுதிக் கொடுத்தார். "நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றார். அடுத்த இரண்டு நாளும் பென்சிலை எடுக்குமுன் முந்தின பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கோடு நின்றது. அதற்கடுத்த நாள் உள்ளே சுருங்கியது.

அந்த நாட்களில் காலம் வேறு மாதிரி நடந்தது. தேதி, கிழமை எதுவும் நினைவில்லை. வரைபடப் புத்தகத்தில் முன்பக்கத்திலிருந்து கோமதியின் மலைகள், பின்பக்கத்திலிருந்து நான் வரைந்த பாதங்கள். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடந்துகொண்டிருந்தன. அவள் மலை ஒவ்வொன்றும் வேறு வேறு. என் பாதம் எல்லாம் ஒன்று. உள்ளே இருக்கும் வட்டம் மட்டும் எலுமிச்சையிலிருந்து நெல்லிக்காயாகி, சுண்டைக்காயாகி, மிளகாகியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆறுவதும் எறும்பு வேகத்தில்தான் என்பதை இந்த வயதில் பார்த்தேன்.

பதினேழாம் பக்கத்தில் வட்டம் இல்லை.

டாக்டர் நடக்க அனுமதித்த அன்று, சமதரையில் கால் மைல் போனோம். பூட்ஸுக்குள் கைவிட்டுக் கல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடவிட்டேன். ஒரு மரத்தடியில் நின்று, கோமதி கையுறையைக் கழற்றிக் கொஞ்சம் பனியை உள்ளங்கையில் எடுத்தாள். நான் பதறிக் கையை நீட்டினேன்.

"இருங்க. ஒரு நிமிசம்."

"குளிருதா?"

"இல்லீங்க. ஊசியும் குத்தல, குளிரும் தெரியல." உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி ஓரத்திலிருந்து கரைந்து மணிக்கட்டு வழியே வழிந்தது. "ஆனா உருகுது பாருங்க. என் கை சூடாத்தான் இருக்குதுன்னு அது சொல்லுது."

இப்போது மில்பிடாஸில் இருக்கிறோம். ஏப்ரல் முடிகிறது. குளிக்கும் தண்ணீருக்குத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள்ளும் செருப்பு, நம் ஆட்கள் யாராவது வந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அடுத்த ஸ்கேன் ஜூனில். அதுவரை என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரியாததோடு கூட இருந்து சாப்பிடப் பழகியிருக்கிறோம்.

பாதம் வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. காயம் இல்லாவிட்டாலும் பார்க்கவேண்டுமே. போன செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசைக்கடியில் தாளை விரித்து, இடது காலைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். கோமதி மேலே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் சுண்டுவிரல் ஓரம் திரும்பும்போது கால் வெடுக்கென்று விலகியது.

"என்னாச்சு?"

கத்தி நின்றது. "கூசுதுங்க."

"எங்க?"

"மறுக்காத் தொடுங்க."

தொட்டேன். "இப்பத் தெரியல" என்றாள். பெருவிரலைத் தொட்டேன், குதிகாலைத் தொட்டேன்; ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டுவிரல் ஓரத்தில், மெதுவாக, பென்சில் முனையால். விரல் சுருண்டது. மேசைக்கு மேலே அவள் என்ன முகத்தோடு இருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கீழேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கத்துக் கோடு சுண்டுவிரலருகில் ஒரு இடத்தில் கோணி, தாளின் ஓரம் வரை ஓடியிருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.